சைரன் கேட்டால் கேட் திறக்கும்

எங்கள் ஆம்புலன்ஸ் கம்பெனியில் மாமனார் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு அறையில் எதையும் அணைக்கக் கூடாது. விளக்கை அணைக்கக் கூடாது, கம்ப்யூட்டரை மூடக் கூடாது, அதில் திறந்திருக்கும் எதிலிருந்தும் வெளியே வரவும் கூடாது. ஒரு உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது நீ பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருப்பாயா என்று கேட்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அவர் பேசுவது எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

வீட்டின் கீழ்த்தளத்தில் முன்பக்கம்தான் அந்த அறை. ஒரு மேஜை, இரண்டு போன், சுவரில் ஊசி குத்திய வரைபடம், வண்டிச் சாவிகளுக்கு வரிசையாக ஆணி. பின்கதவைத் திறந்தால் வண்டிகள் நிற்கும் கொட்டகை. டெட்டால் வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து வரும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கம்ப்யூட்டர் படித்த மருமகள்தானே என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அது என் நாற்காலி. டிரைவர்களுக்கு என் குரல்தான் கம்பெனி. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் காவலாளிகள்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை, குரலை அறிவார்கள். அந்த வீட்டில் எனக்கென்று வேறு இடம் எதுவும் கிடையாது. மாடியில் அத்தையின் ஆட்சி. அங்கே நான் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தாலும் விசாரணை நடக்கும்.

என் கணவர் மூத்த மகன், மூணாம் நம்பர் வண்டி ஓட்டுகிறார். நல்லவர். வாய் மட்டும் கிடையாது. அவருடைய தம்பியை வீட்டில் எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வது.

என் கூடப் பிறந்த தம்பியும் இங்கேதான் டிரைவராக இருந்தான். மாமனாரோடு வாய்த்தகராறு முற்றி ஒருநாள் சாவியை மேஜையில் எறிந்துவிட்டுப் போனான். போனவன் சும்மா இருக்கவில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, மேலே விளக்கு மாட்டி, எங்களுக்கு எதிராகவே ஆம்புலன்ஸ் விட்டான். அதன் பிறகு அவன் பேச்சு வந்தாலே அத்தைக்கு இருமல் வந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்தால்தான் அந்த வாரம் நடந்தது புரியும்.

டயாலிசிஸுக்கு எங்கள் வண்டியில் போய்வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். புதன்கிழமை காலை மாமனாருக்கே போன் போட்டு, இதென்ன புது வண்டி அனுப்புகிறீர்கள், ஸ்ட்ரெச்சர் ஆடுகிறது, டிரைவர் சிகரெட் நாற்றம் அடிக்கிறான் என்று சத்தம் போட்டார். நாங்கள் அனுப்பவே இல்லை. அவர் எங்கள் வெப்சைட்டில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டிருக்கிறார். மாமனார் அந்தப் பொத்தானைத் தன் போனில் அழுத்தினார். என் தம்பி எடுத்தான்.

எங்கள் வெப்சைட்டில், எங்கள் பெயருக்குக் கீழே, என் தம்பியின் நம்பர்.

இன்ஜினியர் உடனே உட்கார்ந்து துப்பறிந்தார். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று வெப்சைட்டே குறித்து வைத்துக்கொள்ளும். திங்கள்கிழமை மதியம், கட்டுப்பாட்டு அறையின் லாகினில் இருந்து, இதே கம்ப்யூட்டரில் இருந்து நம்பர் மாற்றப்பட்டிருக்கிறது. திங்கள்கிழமை மதியம் நாற்காலியில் இருந்தது யார் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். மற்றவர்களும் பார்த்தார்கள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நான் உடைக்காத குடத்துக்கு அன்று கணக்குக் கேட்டார்கள். பிறந்த வீட்டுப் பாசம் ரத்தத்தில் ஊறியது, கழுவினால் போகுமா என்றார் அத்தை. தின்னும் சோற்றில் மண் அள்ளிப் போட்டாள் என்றார். நான் எதையும் மாற்றவில்லை என்றேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா அண்ணி என்று இன்ஜினியர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். என் கணவர் கதவோரம் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஷூவில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ தெரியவில்லை, தலையைத் தூக்கவே இல்லை. மற்றவர்கள் சொன்னதெல்லாம் காதோடு போனது. அவர் சும்மா நின்றதுதான் நெஞ்சில் குத்தியது.

மாமனார் குரலை உயர்த்தவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் வேலையைப் பாரு. அப்புறம் சாவியெல்லாம் சின்னவன்கிட்ட குடுத்துட்டு மாடிக்குப் போயிடு. இனிமே கீழ உனக்கு வேலை இல்லை."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. படிக்கட்டில் விழுந்த ஒரு அம்மாள், இடுப்பு எலும்பு. நான் எடுத்து, முகவரி கேட்டு, இரண்டாம் நம்பர் வண்டியை அனுப்பினேன். துரோகி எடுத்த போன் என்று யாரும் அதைத் தடுக்கவில்லை. வண்டி கிளம்பியதும் என் கணவர் மூணாம் நம்பரை எடுத்துக்கொண்டு போனார், மற்றவர்கள் மாடிக்குப் போய்விட்டார்கள்.

அழுகை வந்தது. அதை விடக் கோபம் வந்தது, அதனால் அழ நேரமில்லை. நான் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் உண்மையென்றால், என் கையை வைத்து வேறு யாரோ மாற்றியிருக்க வேண்டும். திங்கள்கிழமை மதியம் இந்தக் கை என்ன செய்தது?

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த மதியத்தை நான் மறக்கவில்லை.

ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் மூணாம் நம்பர் வண்டி விபத்து, படம் பார்க்கவும்' என்று தலைப்பு. அனுப்பியவர் பெயர் தெரியாத வழிப்போக்கர். நான் யோசிக்காமல் அழுத்தினேன். ஒரு பக்கம் திறந்தது. பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கும் வெள்ளை வேன், மங்கலான படம், நம்பர் பிளேட் தெரியவில்லை. உடனே என் கணவருக்குப் போன் போட்டேன். எடுத்தார். டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், என்ன விஷயம் என்றார். சும்மாதான் என்று வைத்துவிட்டேன். எவனோ வேலையற்றவன் விளையாடியிருக்கிறான் என்று திட்டிவிட்டு, வந்த அடுத்த அழைப்பை எடுத்தேன். வழக்கம்போல எதையும் மூடவில்லை, எதிலிருந்தும் வெளியே வரவில்லை.

அந்தப் பச்சைப் பொத்தான் வெப்சைட்டோடு பிறந்தது அல்ல. யாரோ எழுதி விற்கும் சின்ன நிரல், பிளகின் என்பார்கள். வாங்கி மாட்டிக்கொண்டால் பொத்தான் வரும், எந்த நம்பருக்குப் போக வேண்டும் என்று ஒரு கட்டத்தில் எழுதிச் சேமித்தால் போதும். அதைச் செய்தவர்களின் பக்கத்துக்குப் போனேன். போன வருஷமே அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறது, நம்பரை மாற்றச் சொல்லி வரும் உத்தரவு வெப்சைட்டின் சொந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறதா, வெளியாள் பக்கத்திலிருந்து வருகிறதா என்று அது சோதிப்பதில்லை, தயவுசெய்து உடனே அப்டேட் செய்யுங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த அப்டேட் அறிவிப்பு எங்கள் திரையில் தினமும் வரும். இன்ஜினியர் தினமும் அதை மூடுவார். ஓடுற வண்டியை நிறுத்தி எதுக்கு பானெட்டைத் திறக்கணும் என்பது அவர் கொள்கை. கம்ப்யூட்டரை அணைக்கவே கூடாது என்பதால் அதிலிருந்த பிரவுசரும் அரதப் பழசு, வெளியாள் உத்தரவைத் தடுக்கும் புத்தி அதற்கும் கிடையாது. அப்பன் சட்டமும் பிள்ளை கொள்கையும் சேர்ந்து வாசலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்த என்னைத் திருடி என்றன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நம்பரைச் சரியாக்கிவிட்டு, அந்தப் பழைய மின்னஞ்சலை மறுபடி திறந்து படத்தை அழுத்தினேன். அதே பள்ளம், அதே வேன். வெப்சைட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மறுபடியும் என் தம்பியின் நம்பர். அந்தப் படத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கட்டம் நிரப்பப்பட்டு, என் பெயரில், என் லாகினில், எங்கள் வெப்சைட்டுக்கே போய்ச் சேர்கிறது. நான் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. படத்தைப் பார்த்துப் பயந்தால் போதும்.

நம்பரைத் திரும்பவும் சரியாக்கினேன். சாயங்காலம் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எல்லோரையும் கீழே வரச் சொன்னேன். மூணாம் நம்பர் வண்டியும் கொட்டகைக்கு வந்துவிட்டிருந்தது.

சாவி குடுக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து இன்ஜினியர் கையை நீட்டிக்கொண்டே வந்தார். நான் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். அத்தையிடம் அவருடைய போனிலேயே வெப்சைட்டைத் திறந்து, பொத்தானில் இருக்கும் நம்பரை உரக்கப் படிக்கச் சொன்னேன். எங்கள் நம்பர். பிறகு இன்ஜினியரிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டி, உங்கள் விரலால் இந்தப் படத்தை ஒரு தடவை திறங்கள், வேறு எதையும் தொட வேண்டாம் என்றேன். வைரஸாக இருக்கும் என்று தயங்கினார். பயமா என்று கேட்டேன். அழுத்தினார்.

வேன் கவிழ்ந்து கிடந்தது. என் கணவர் முதல் முறையாகத் தலையைத் தூக்கி, தலைப்பில் இருந்த மூணாம் நம்பரைப் படித்தார்.

அத்தையை மறுபடி படிக்கச் சொன்னேன். வெப்சைட்டைப் புதிதாகத் திறந்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். இருமல் வந்துவிட்டது.

திரையில் குறிப்பு தெளிவாக இருந்தது. இன்று, இப்போது, கட்டுப்பாட்டு அறையின் லாகினில் இருந்து நம்பர் மாற்றப்பட்டது. நாற்காலியில் இருப்பவர் இன்ஜினியர்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதே. சொல்லுங்க, உங்களுக்கும் என் தம்பிமேல அவ்வளவு பாசமா?"

மாமனார் இது எப்படி நடக்கும் என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னேன். நம் வண்டி சைரன் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் காவலாளி கேட்டைத் திறந்துவிடுகிறான். உள்ளே நோயாளி இருக்கிறாரா, திருடன் இருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பதில்லை. நம் வண்டிதானே என்ற நம்பிக்கை. அதேபோல நான் லாகின் செய்துவிட்டு வெளியே வராமல் இருக்கிறேன். என் கம்ப்யூட்டரிலிருந்து என்ன உத்தரவு போனாலும் வெப்சைட் திறந்துவிடுகிறது. அதை நான் அனுப்பினேனா, எவனோ என் பின்சீட்டில் ஏறிக்கொண்டு அனுப்புகிறானா என்று அது கேட்பதில்லை. ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, அந்தச் சீட்டோடு வந்தால்தான் திறப்பேன் என்று சொல்லியிருந்தால் வெளியாளால் முடியாது. போன வருஷமே அந்தச் சீட்டு வந்துவிட்டது. வாங்கி மாட்ட வேண்டியவர் தினமும் அதை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மாமனாரின் பார்வை சின்ன மகன் பக்கம் திரும்பியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, இன்ஜினியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

"படத்தை அனுப்பினது உங்க தம்பிதானே அண்ணி? ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டே பண்ணியிருக்கலாமே. அவர் அனுப்பறது, நீங்க தெரியாத மாதிரி அழுத்தறது."

நான் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது மாமனாரின் கண்ணில் உடனே போய் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் இவர்கள் வீட்டுப் போனை எடுத்த என் வார்த்தைக்கு ஒரு சாட்சி போதவில்லை, இரண்டாவது சாட்சி வேண்டும். சரி, தருகிறேன் என்று மேஜைப் போனை ஒலிபெருக்கியில் வைத்து என் தம்பியின் நம்பரை அழுத்தினேன். யாரும் மூச்சு விடக் கூடாது என்று விரலைக் காட்டினேன்.

"சொல்லுக்கா," என்றான்.

"திங்கக்கிழமை ஒரு படம் அனுப்பினியே, அந்த வண்டி எங்கடா கவுந்துச்சு?"

சிரித்தான். சின்ன வயதில் என் பென்சிலை ஒளித்து வைத்துவிட்டுச் சிரிப்பானே, அதே சிரிப்பு. கண்டுபிடித்துவிட்டாயா, நீ படித்தவள் ஆயிற்றே என்றான். படம் எங்கேயோ எடுத்தது, தன் வெப்சைட் செய்கிற ஆள் ஏற்பாடு செய்தது என்றான். உங்கள் இன்ஜினியர் ஒரு வருஷமாக அப்டேட் போடவில்லை என்று அந்த ஆள்தான் வெளியிலிருந்தே கண்டுபிடித்தானாம். கட்டுப்பாட்டு அறையில் யாரும் எதையும் மூட மாட்டார்கள் என்பதை இவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நுணலும் தன் வாயால் கெடும். நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்.

"மூணாம் நம்பர்னு ஏன்டா போட்டே?"

"வேற நம்பர்னா நீ முதல்ல டிரைவருக்குப் போன் போட்டுக் கேப்பே. அத்தான் வண்டின்னா யோசிக்க மாட்டே, திறந்துடுவே. எனக்குத் தெரியாதாக்கா உன்னை?"

என் கணவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"பழி என் தலையில விழும்னு தோணலையா உனக்கு?"

"உன்னை என்ன பண்ணிடப் போறாங்க, நீ அந்த வீட்டு மருமக. அப்படியே விழுந்தாலும் என்ன? என்னை அந்த மனுசன் வெளிய போடான்னு சொன்னப்ப நீ ஒரு வார்த்தை பேசினியா? போனைக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தே."

"அன்னைக்கு லைன்ல ஒரு பிரசவம் இருந்துச்சுடா. புள்ளை தலை வெளிய வந்துடுச்சு, வண்டி வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணோட அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அதை நீ என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

போனை வைத்தேன். அவன் மேல் இருந்த கோபத்தைவிட, அவன் என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தான் என்பதுதான் தாங்கவில்லை. என் பயத்தை அளவெடுத்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு படம் தேடியிருக்கிறான்.

மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டுப் பேச்சில் கிடையாது, அதனால் நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, உட்காரு என்றார். ஏதோ அவர் இரக்கப்பட்டுக் கொடுக்கிற நாற்காலி போல.

நான் உட்காரவில்லை. முதலில் இன்ஜினியரை உட்காரச் சொன்னேன். அவர் பின்னால் நின்று அந்த அப்டேட்டைப் போட வைத்தேன். நம்பரைச் சரியாக்கி, படத்தை மறுபடி அழுத்தச் சொன்னேன். வேன் கவிழ்ந்தது, நம்பர் மாறவில்லை. உத்தரவு நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. இவ்வளவுதான் வேலை. ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இதற்காக என்னை மாடிக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

பிறகு நான் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, வெளியேறு என்ற பொத்தானை அழுத்தினேன். திரை வெறுமையாகி, பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. எங்கள் கம்பெனியில் அந்தக் கேள்வியை நான் பார்த்தது அன்றுதான். மாமனார் முகம் சுருங்கியது. சட்டத்தை நினைவுபடுத்த வாயைத் திறந்தார்.

"போனை எப்பவும் எடுப்பேன் மாமா. அதுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம். இதுக்கு வேணும், அதை மாத்தப் போறேன். இனிமே வெப்சைட்ல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் என்கிட்ட வந்து கேக்கணும். சின்னவரும்தான்."

அவர் மாடிப்படி ஏறும் சத்தம்தான் பதில். அத்தை பின்னாலேயே போனார். இன்ஜினியர் கொட்டகை வழியாக நழுவினார்.

என் கணவர் மட்டும் நின்றார். அன்னைக்குப் போன் பண்ணினது அதுக்குத்தானா, என்கிட்ட சொல்லியிருக்கலாமே என்றார். சொல்வதற்கு நீங்கள் ஷூவை விட்டு நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்றேன். அவர் மூணாம் நம்பர் சாவியை அதன் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். எனக்கு இரக்கம் வரவில்லை. வேண்டுமானால் பிறகு வரட்டும்.

போன் அடித்தது. திரையில் வந்த நம்பர் இப்போது எனக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்குமே மனப்பாடம். எங்கள் கம்பெனியில் போன் அடித்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தேன்.

"ஆம்புலன்ஸ் சேவை. நோயாளி எங்க இருக்காங்க?"

"அக்கா, அவங்கெல்லாம் பக்கத்துல இருந்தாங்களா? நான் பேசினதைக் கேட்டாங்களா?"

"நோயாளிக்கு நினைவு இருக்கா, இல்லையா?"

"அக்கா, நான்தான்க்கா. தம்பி."

சுவரில் வரைபடம், ஆணியில் சாவிகள், வெளியே வண்டிகள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"நோயாளி யாரும் இல்லைன்னா லைனை விடுங்க சார். நிஜமாவே விழுந்தவங்க யாராவது கூப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க."